அயல்பணியில் வந்த வரையாடு

அரசுப் பள்ளிச் சுவர்களில் தொங்கும் மாநிலச் சின்னங்கள் படத்தைப் பார்த்து வளர்ந்தவர்களில் பெரும்பாலோர், மாநில மரமான பனையும் மாநில விலங்கான வரையாடும் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் என்றும், காலையில் ஒன்றின் முகத்தில் மற்றொன்று விழிக்கும் என்றும், பொழுது சாய்ந்தால் மாநிலப் பறவையான மரகதப்புறா வந்து இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசும் என்றும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். இது பிழை. போனால் போகிறது என்று விட்டுவிடக்கூடிய பிழையும் அல்ல. மூன்றாம் வகுப்பில் மண்டைக்குள் நுழைந்து, ஆள் சாகும்வரை வெளியே வராமல் இருந்துவிடுகிற வகையைச் சேர்ந்தது. பனை சமவெளியின் பிரஜை. மணலும் வெயிலும் இருந்தால் அதற்குப் போதும். வரையாடோ ஆயிரத்து இருநூறு மீட்டர் உயரத்துக்குக் கீழே குளம்பை வைப்பது அபூர்வம். அதை ஆடு என்று சொல்வதா, செம்மறிக்கு உறவு என்று சொல்வதா என்பதில்கூட விஞ்ஞானிகள் ஒருமுறை மனம் மாறியிருக்கிறார்கள். பனையில் ஆண் வேறு பெண் வேறு. மாநில மரம் இந்த இரண்டில் எது என்று எந்தப் படத்திலும் எழுதியிருக்காது. மரமும் விலங்கும் ஒன்றையொன்று கண்ணால் கண்டதில்லை. ஒரே தாளில் ஒரே அளவுக் கட்டங்களில் யாரோ அவற்றை அச்சடித்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

பக்கத்தில் அச்சாகியிருப்பது வேறு, பக்கத்தில் இருப்பது வேறு என்பதை உடைமரத்துவிளை அரசு தொடக்கப்பள்ளியின் தலைமை ஆசிரியையும் ஒரே ஆசிரியையுமான ஜெபக்கனிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அவள் பெயரும் அவள் கணவன் ஆசீரின் பெயரும் குடும்ப அட்டையில் பதினோரு வருஷமாக மேலும் கீழுமாக ஒட்டிக்கொண்டிருந்தன. அட்டைக்கு வெளியே அவள் தூத்துக்குடிப் பக்கத்துச் செம்மணல் மேடான தேரியின் ஓரத்திலும், அவன் கொங்குநாட்டுக்கு மேற்கே உள்ள மலையில் நெடுங்கல் சரகத்தில் வனக்காப்பாளனாகவும் இருந்தார்கள். நடுவில் மூன்று பேருந்து, ஒரு ஜீப்பு, பிறகு நாலு மணி நேர ஏற்றம். மலையில் ஒரே ஒரு பாறையின் மேல் ஏறி நின்றால்தான் அவன் செல்போனுக்கு டவர் கிடைக்கும். தினமும் இரவு ஏழு மணிக்கு அவன் அந்தப் பாறையில் ஏறுவான், அவள் அடுப்பை அணைத்துவிட்டு உட்காருவாள், காற்று இரைகிற அளவுக்கு அவன் கத்துவான், அவள் "ஆமா, ஆமா" என்பாள். பிள்ளை இல்லை. அதைப் பற்றி ஊர் கேட்டுக் கேட்டு ஓய்ந்திருந்தது.

மாறுதல் கிடைக்காமல் இல்லை. கணவன் மனைவி முன்னுரிமையில், மலையடிவாரத்துப் பள்ளி ஒன்றுக்கு, இரண்டு வருஷத்துக்கு முந்தைய மே மாதமே அவளுக்கு ஆணை வந்துவிட்டது. அதன் கடைசி வரியில் "பதிலி ஆசிரியர் பணியேற்றவுடன் விடுவிக்கப்படுவார்" என்று இருந்தது. அன்றைக்கே அவள் குக்கரைச் சாக்கில் கட்டினாள். பதினேழு நாள் சட்டியிலேயே சோறு பொங்கிப் பார்த்துவிட்டு, பதிலி வருவதாகத் தெரியாததால் அவிழ்த்தாள். ஆணையை வேதாகமத்துக்குள் வைத்தாள். சங்கீதத்தைத் திறக்கும்போதெல்லாம் அது எட்டிப் பார்த்தது.

இப்படி இருக்கையில், தை மாசக் கடைசித் திங்கட்கிழமை, காலை வணக்கக் கூட்டத்தில் பதினான்கு பிள்ளைகளும் கையை நீட்டி உறுதிமொழி சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில், தேரியின் பக்கமிருந்து ஒரு கிழட்டு ஆண் வரையாடு நடந்து வந்தது. உடம்பு கரும்பழுப்பு, முதுகில் ஒரு கைச் சாம்பலை அள்ளிக் கொட்டியது போல வெள்ளி நிறம், கொம்புகள் பின்னோக்கி வளைந்திருந்தன, முழங்கால்வரை செம்புழுதி. வழியில் இரண்டு நான்குவழிச் சாலைகள், ஒரு ரயில்வே கேட், கணக்கில்லாத ஊர்கள். பார்த்தவர்கள் எல்லாரும் யார் வீட்டு உருப்படியோ என்று நினைத்து வழிவிட்டிருக்கிறார்கள். அது யாரையும் பார்க்காமல் மைதானத்தைக் கடந்து, பள்ளிக்கு மேற்கே நின்ற பனையின் அடியில் போய் நின்று, ஒரு பெருமூச்சு விட்டது. அந்தப் பனை ஆண்பனை. நுங்கு காய்க்காது, ஆகையால் ஊரில் ஒருவரும் அதை நிமிர்ந்து பார்ப்பது கிடையாது. கலெக்டர் அனுமதி இல்லாமல் வெட்டக் கூடாது என்பதால் மட்டும் நின்றுகொண்டிருந்தது.

"டீச்சர், மாநில விலங்கு வந்திருக்கு" என்றாள் மூன்றாம் வகுப்பு மரியசெல்வி.

மாநிலச் சின்னங்களுக்கு மரியாதை செலுத்த வேண்டும் என்று போன வாரம்தான் பாடம் நடந்திருந்தது. பிள்ளைகள் கையைக் கீழே போட்டு, விறைப்பாக, பனையைப் பார்த்துத் திரும்பி நின்றார்கள். ஜெபக்கனியும் நின்றாள். வேறு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

முதலில் ஓடி வந்தது சத்துணவு சமைக்கும் பாக்கியத்தாய். கையில் கரண்டியோடு வந்து, ஆட்டை மேலும் கீழும் பார்த்து, "ஏ டீச்சரம்மா, இது எந்தூருக் கெடா? அப்பனத் தேடி வந்த புள்ள கணக்கா நிக்குதே" என்றாள்.

"மலையிலருந்து வந்துருக்கு, பாக்கியக்கா."

"எதுக்காம்?"

ஜெபக்கனி பனையைக் காட்டினாள். பாக்கியத்தாய் பனையை அண்ணாந்து பார்த்தாள். அந்தப் பனையை அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை. "இதப் பாக்கவா? பாவம். பொட்டப்பனையா இருந்தாலாவது ரெண்டு நுங்கு தரும்" என்று சொல்லிவிட்டுப் பருப்பு தீய்கிறது என்று ஓடினாள்.

அடுத்து வந்தவர் ஊராட்சித் தலைவர் சிங்கக்குட்டி. தாலுகா அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருஷம் அலுவலக உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அதிகாரிகள் எல்லாரும் மாறிப் போய்க்கொண்டே இருக்க, அவர் ஒருவரே மாறாமல் இருந்ததால், விதிகள் எல்லாம் அவருக்குள்தான் தங்கியிருந்தன. உலகத்தில் நடக்கிற எதையும் அவர் விடுப்பு, மாறுதல், அயல்பணி, ஓய்வு என்ற நாலில் ஒன்றாகப் பார்ப்பார். தம் தகப்பனார் இறந்ததை "சொல்லாம லீவுல போயிட்டாவ" என்றுதான் ஊருக்குச் சொன்னார். அவர் வரையாட்டை மூன்று சுற்று சுற்றி வந்து, தொண்டையைச் செருமி, அறிவித்தார்:

"இது அயல்பணி, டெபுடேஷன். சந்தேகமே இல்ல. தாய்த்துறை வனத்துறை, பணியிடம் நம்ம ஸ்கூலு. டீச்சர், ரிஜிஸ்டரை எடுங்க."

"அண்ணாச்சி, ஆட்டுக்கு எப்படி..."

"உடையவங்களுக்குச் சொல்லாம வந்துருந்தா அது ஆப்சென்ட்டு. வந்த எடத்துல ஆஜர் போட்டுட்டா அது டூட்டி. ஒரு வாயில்லா ஜீவன் சஸ்பென்ட் ஆவணுமா, நீங்களே சொல்லுங்க."

ஜெபக்கனி ஆசிரியர் வருகைப் பதிவேட்டைத் திறந்தாள். அதில் இரண்டு பேருக்கு இடம் இருந்தது. முதல் வரிசையில் அவள் பெயர். இரண்டாவது வரிசை, இடைநிலை ஆசிரியர் பணியிடம், நாலு வருஷமாகக் காலியாகக் கிடந்தது. மாதா மாதம் அவளே கோடு போட்டு, அவளே வெறுமையாக விட்டுவந்த வரிசை. அதில் சிவப்பு மையால் "வரையாடு (அயல்பணி)" என்று எழுதி, முற்பகல் ஆஜர் போட்டாள். தன் பெயருக்குக் கீழே ஒரு பெயர் வந்துவிட்டதை அன்றைக்கு மூன்று நாலு தடவை திறந்து பார்த்தாள்.

வரையாடு பனையை விட்டு அகலவில்லை. பனையின் நிழல் என்பது ஒரு கோடும் அதன் முனையில் ஒரு வட்டமும்தான். அந்த வட்டம் காலையில் மேற்கே வெகுதூரத்தில் விழுந்து, மெல்லச் சுருங்கி அடிமரத்துக்கு வந்து, மதியத்துக்குப் பின் கிழக்கே நீளும். வரையாடு அந்த வட்டத்துக்குள்ளேயே நின்று வட்டத்தோடு நகர்ந்தது. ஒரே வாரத்தில் ஊர் அதை வைத்து நேரம் பார்க்கக் கற்றுக்கொண்டது. அது கொடிக்கம்பத்துக்கு நேராக வந்தால் பதினொன்று. அடிமரத்தை ஒட்டிக்கொண்டால் சோறு. குடிநீர்த் தொட்டியைத் தொட்டால் கடைசி பஸ்ஸுக்குக் கிளம்ப வேண்டும். திருமணப் பத்திரிகைகளில் "வரையாடு நிற்கும் பள்ளி எதிரில்" என்று அச்சடித்தார்கள். மற்ற சின்னங்களும் பின்னாலேயே வரும் என்று ஊர் உறுதியாக நம்பியதால், மரகதப்புறாவுக்காகப் பள்ளி மதிலில் தினமும் கம்பு தூவினார்கள். வந்தது எல்லாம் சாதா மாடப்புறா. பத்திரிகை போட்டோக்காரர் வருகிறார் என்றதும் சிங்கக்குட்டி ஒரு மாடப்புறாவைப் பிடித்து இறக்கைக்குப் பச்சைச் சாயம் பூசி வைத்தார். அது போட்டோவுக்கு முன்னாலேயே வரையாட்டின் தண்ணீர்த் தொட்டியில் குளித்துவிட்டது.

ஆனால் உண்மையில் ஊரைப் பிடித்து உலுக்கியது வேறொன்று. உடைமரத்துவிளையில் பாதி வீடுகளில் ஆள் குறைவு. மும்பையில் கடை, துபாயில் வேலை, சென்னையில் மருமகள், எங்கேயோ ஒரு கப்பலில் மகன். அட்டையில் ஐந்து பெயர், வீட்டில் ஒரு தலை. பக்கத்தில் அச்சாகியிருந்ததை நம்பி ஒரு கிழட்டு விலங்கு மலையை விட்டு இறங்கி வந்திருக்கிறது என்ற செய்தி அந்த வீடுகளுக்குள் நுழைந்தது. பிறகு ஒரு மத்தியானம், கப்பல்காரனின் தாய் ஒருத்தி சேலைத் தலைப்பில் குடும்ப அட்டையை மறைத்துக்கொண்டு வந்து, வரையாட்டின் முகத்துக்கு நேரே நீட்டி, மகன் பெயரின் மேல் விரலை வைத்துக் காட்டினாள். மறுநாள் ஏழு பேர் வந்தார்கள். அந்த வாரக் கடைசியில் வரிசை மதிலைத் தாண்டியது. வரையாடு ஒவ்வொரு அட்டையையும் முகர்ந்து பார்த்தது. வெளியூரிலிருந்து ஒருவரும் வரவில்லை, ஆனால் இரண்டு பேர் போன் பண்ணினார்கள், ஊர் அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டது.

ஜெபக்கனி அட்டையைக் கொண்டுபோகவில்லை. பள்ளிக்கூடத்துக்குள்ளேயே இருந்துகொண்டு வரிசையில் நிற்க வெட்கமாக இருந்தது.

வனத்துறையிலிருந்து சமவெளிப் பிரிவு வனவர் வந்தார். கயிறு கட்டிப் பார்த்தார், வரையாடு கயிற்றைத் தின்றது. கூண்டு வண்டி கொண்டுவந்தார், அது கூண்டுக்குள் ஏறிப் பார்த்துவிட்டு மறுபக்கமாக இறங்கி மீண்டும் நிழலில் நின்றது. மயக்க ஊசி போட்டால் இந்த வயசில், இந்த வெக்கையில், எழுந்திருக்காது என்று கால்நடை மருத்துவர் எழுதிக்கொடுத்தார். மேலே கடிதம் போயிற்று. மாசி மாசம் நடுவில், ஒரு நாள் ஏழு மணிக்கு ஆசீர் பாறையிலிருந்து கத்தினான்.

"ஜெபா, அது எங்க பாறையில உள்ள ஆடுதானாம். கிறிஸ்மஸிலருந்து நான் தேடிக்கிட்டிருந்த கெடா. அதுக்குப் பழக்கமான ஆளு கூட இருக்கணும்னு என்னைய அனுப்புறாவ."

"எத்தன நாளைக்கு?"

"அது அங்க நிக்குற வரைக்கும்."

அன்றைக்கு அவள் முதல் முறையாகப் பனையடிக்குத் தனியாகப் போய், வரையாட்டுக்கு ஒரு படி அகத்திக்கீரை வைத்து, "நில்லு. என்ன ஆனாலும் நில்லு" என்றாள்.

ஆசீர் மலைச் சட்டையும் கம்பளி ஸ்வெட்டருமாக பஸ்ஸிலிருந்து இறங்கினான். ஊரே நின்று பார்த்தது. "வாங்க மாப்ள, ஆட்டைக் கூட்டிட்டு வரச் சொன்னா ஆடுல்ல உங்களக் கூட்டிட்டு வந்துருக்கு!" என்று பாக்கியத்தாய் கத்த, சிங்கக்குட்டி "பணியேற்பு அறிக்கை முற்பகலா பிற்பகலா?" என்று கேட்க, ஜெபக்கனி தலையைக் குனிந்துகொண்டு அவன் பையை வாங்கினாள்.

பதினோரு வருஷமாக ஒருத்திக்கு மட்டும் அரிசி அளந்த கைக்கு இரண்டு பேருக்கு அளக்க வரவில்லை. முதல் நாள் ஆறு பேர் சாப்பிடுகிற சோறு. மறுநாள் பயந்து குறைத்ததில் இரண்டு பேருக்கும் பற்றவில்லை. அவள் நின்றுகொண்டே சாப்பிடுகிறவள்; அவன் கதவைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுகிறவன், யானை வந்தால் ஓட வேண்டுமே. ஒரே அறையில் இருக்கும்போதும் அவன் காற்றுக்கு மேலே கேட்க வேண்டும் என்பது போலக் கத்திப் பேசினான், அவள் "ஆமா, ஆமா" என்றாள், பிறகு இருவரும் வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டார்கள். நாலாம் நாள் பொழுது சாய்ந்து ஏழு மணி ஆனதும் ஆசீர் கால் தரிக்காமல் எழுந்து வெளியே போனான். சற்று நேரத்தில் அவள் செல்போன் அடித்தது. எடுத்தாள். அவன் ஊராட்சித் தண்ணீர் டேங்கின் படியில் ஏறி நின்றுகொண்டிருந்தான்; ஜன்னல் வழியாக அவன் கால் தெரிந்தது.

"ஜெபா, சாப்ட்டியா?"

"சாப்ட்டேன். நீங்க?"

"நல்லா இருந்துச்சு. புளி கொஞ்சம் கூட."

"நாளைக்குக் கம்மியாப் போடுதேன்."

அதற்குப் பிறகு தினமும் ஏழு மணிக்கு அவன் டேங்கில் ஏறினான். அன்றன்றைக்கு நேரில் சொல்ல முடியாமல் போனதை எல்லாம் முப்பது அடி தூரத்திலிருந்து போனில் சொன்னார்கள். ஊர் ஒரு வார்த்தை கேலி செய்யவில்லை. டேங்கில் மோட்டார் போடுகிறவர் அந்த நேரத்துக்கு மோட்டாரை நிறுத்திவைத்தார்.

பகலில் ஆசீர் வரையாட்டின் பக்கத்தில் உட்கார்ந்து, கைக்கடிகாரத்தைப் பார்த்து அதன் மூச்சை எண்ணி, ஒரு சிறிய நோட்டில் குறித்தான். வரையாடும் பனையும் ஒன்றுக்கொன்று ஒன்றும் செய்துகொள்ளவில்லை. வரையாடு பனையைத் தின்னவில்லை. பனை வரையாட்டுக்கு ஒரு ஓலையைக்கூடப் போடவில்லை. அவ்வளவு தூரம் நடந்து வந்ததற்கு இதுதானா என்று ஜெபக்கனிக்குச் சில நேரம் தோன்றும். சில நேரம், ஆமாம், இதுதான் என்றும் தோன்றும்.

பங்குனி பிறந்ததும் தேரி காய ஆரம்பித்தது. ஊர் வரையாட்டைச் சுற்றி ஓலைத்தட்டி கட்டி நனைத்தது. கடற்கரையிலிருந்து மீன் பெட்டிக்குப் போடுகிற ஐஸ் கட்டியை டெம்போவில் கொண்டுவந்து காலடியில் கொட்டினார்கள். மாநில விலங்கு முழுவதும் நெத்திலி வாசம் அடித்தது. அது நிழல் வட்டத்துக்குள் நகரும்போது இப்போது ஒவ்வொரு அடிக்கும் நின்றது. ஊரின் நேரம் கால் மணி, அரை மணி என்று பின்தங்கியது. கடைசி பஸ்ஸை மூன்று பேர் தவறவிட்டார்கள்.

ஒரு நாள் ஆசீர் குளிக்கப் போன நேரத்தில் ஜெபக்கனி அந்த நோட்டைத் திறந்தாள். தேதி, அதன் பக்கத்தில் எண், வேறொன்றும் இல்லை. 28. 31. 41. 44. 56. 63. நேற்று 70. அவள் நோட்டை மூடி, இருந்த இடத்தில் இருந்த கோணத்திலேயே வைத்தாள். மூன்று நாள் ஒன்றும் கேட்கவில்லை. மூன்று நாளும் அகத்திக்கீரை வைத்து, நில்லு என்று சொல்ல வாய் எடுத்து, சொல்லாமல் வந்தாள். நாலாம் நாள் ஏழு மணிக்கு போனில் கேட்டாள்.

"அது பொழைக்குமா?"

ஜன்னலில் தெரிந்த கால் ஒரு படி இறங்கி, திரும்ப ஏறியது.

"சித்திரையத் தாண்டாது."

"ஏன் சொல்லல?"

"நீ ஏன் கேக்கல?"

இரண்டு பேரும் போனை வைக்கவில்லை. அவன் மூச்சை அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளையறியாமல் எண்ணவும் செய்தாள்.

"மேல ஏறிட்டா?" என்று கேட்டாள் கடைசியில்.

"ஏறிட்டா இன்னும் மூணு நாலு வருஷம் இருக்கும். கெழவன் கெட்டி. ஆனா அது நகராதுட்டி. நான் எல்லாம் பண்ணிப் பாத்துட்டேன்."

"நீங்க பண்ண முடியாது" என்றாள் ஜெபக்கனி. "அது எங்க ரிஜிஸ்டர்லல்லா இருக்கு."

மறுநாள் வெள்ளிக்கிழமை. மதியச் சோறு முடிந்ததும் அவள் பள்ளியின் கடிதத்தாளை எடுத்து, இரண்டு வருஷமாகத் தன் பெயரைப் போட்டு மனதுக்குள் ஆயிரம் தடவை எழுதிப் பார்த்த ஆணையை, வேறொரு பெயர் போட்டு எழுதினாள். கை நிற்கவே இல்லை. எழுதி, முத்திரை குத்தி, வெளியே வந்தபோது ஊர் கூடியிருந்தது. பாக்கியத்தாய் சொல்லியிருப்பாள். சிலர் அட்டையோடு வந்திருந்தார்கள்.

"போவ விடாதீங்க டீச்சர்" என்றாள் கப்பல்காரனின் தாய். "எம்மவன் வார மாசம் கூப்புடுதேன்னு சொல்லிருக்கான்."

"நின்னா செத்துப்போவும், அத்த."

அவள் அட்டையை மடித்துத் தலைப்பில் முடிந்துகொண்டாள். சிங்கக்குட்டி தாளை வாங்கி, மூக்குக்கண்ணாடியை ஏற்றி, வரிவரியாகப் படித்து, ஓர் இடத்தில் நிறுத்தி, குரலைத் தாழ்த்தினார்.

"டீச்சர், பதிலின்னு போட்ட எடம் வெறுமையா இருக்கு. பதிலி இல்லாம விடுவிச்சா ஆர்டர் செல்லாது. உங்களுக்குத் தெரியாதா? உங்களையே அதச் சொல்லித்தான வச்சிருக்கு."

"தெரியும் அண்ணாச்சி. பேனா மூடி இறுகிப்போச்சு, அதான்." பேனாவை அவரிடம் கொடுத்துத் திறந்து வாங்கி, தாளை அவர் முதுகில் வைத்தே, வெற்றிடத்தில் தன் பெயரை எழுதினாள்.

அவர் முதுகை நிமிர்த்தாமல் அப்படியே குனிந்து நின்றார். "யம்மா, யோசிச்சுக்கிடுங்க. நீங்க பதிலியா நின்னுட்டா உங்க மாறுதல் ஆர்டர் அதோட போச்சு. பதிலிக்குப் பதிலி கெடையாது. முப்பத்திரண்டு வருஷத்துல ஒரு கேஸு நான் பாத்ததில்ல."

"நிமிருங்க அண்ணாச்சி, எழுதியாச்சு."

அவள் வரையாட்டின் முன்னால் போய் நின்று, பிள்ளைகளுக்குப் பாடம் வாசிக்கிற அதே குரலில் வாசித்தாள். "தை மாதம் முதல் இப்பள்ளி வளாகத்தில் அயல்பணியில் பணியாற்றி வந்த நீலகிரி வரையாடு, ஆண், வயது தெரியவில்லை, இன்று பிற்பகல் பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறார். தாய்த்துறையில் உடனடியாகப் பணியேற்க அறிவுறுத்தப்படுகிறார். பதிலி, ஜெ. ஜெபக்கனி."

வரையாடு கேட்டது. பனையின் அடிமரத்தில் ஒரு தடவை நெற்றியை வைத்து எடுத்தது. பிறகு நிழல் வட்டத்தை விட்டு முதல் முறையாக வெயிலில் கால் வைத்து, மைதானத்தைக் கடந்து, மேற்கே தேரியை நோக்கி நடந்தது. வண்டியில் ஏற்றலாம் என்று யாரோ ஓடினார்கள். ஆசீர் வேண்டாம் என்று கை காட்டிவிட்டுப் பையைத் தோளில் மாட்டினான். ஆணையின் நகலை மடித்துச் சட்டைப் பைக்குள் வைக்கப் போனவன் நின்று, ஜெபக்கனியைப் பார்த்தான்.

"என்னட்டி இது? ஓம்பேர எழுதியிருக்க?"

"வேற யாரு இருக்கா?"

அவன் எதையோ சொல்ல வாயைத் திறந்தான். பகல் இரண்டரை மணி. ஏழாக இன்னும் வெகுநேரம் இருந்தது. "ஸ்வெட்டர மறந்துட்டேன்" என்றான்.

"பைக்குள்ள வச்சுட்டேன்."

ஆடு முன்னாலும் ஆள் பின்னாலுமாகத் தேரியில் ஏறி இறங்கி மறைந்தார்கள். ஊர் கலைந்தது. பாக்கியத்தாய் மட்டும் நின்று, மிச்சம் இருந்த ஐஸ் கட்டியைக் கரண்டியால் தட்டிக்கொண்டே, "கிறுக்குப் பய மவளே" என்று மெல்லிய குரலில் வைதாள். வைதுவிட்டு, ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து பனையடியில் போட்டாள்.

பதினொரு நாள் கழித்து, ஏழு மணிக்கு, காற்று இரைய போன் வந்தது. மலையின் இரண்டாம் மடிப்புவரை தானும் வந்ததாகவும், அதற்கு மேல் செங்குத்துப் பாறையில் அது ஓட்டமாகவே ஏறிப் போனதாகவும், மேலே போய் ஒரு தடவை திரும்பிப் பார்த்ததாகவும், கடைசியாக எண்ணியபோது மூச்சு 26 என்றும் ஆசீர் கத்தினான். அவள் "ஆமா, ஆமா" என்றாள். புளி சரியாக இருக்கிறதா என்று அவன் கேட்டான். சரியாக இருக்கிறது என்றாள்.

சித்திரைக் கடைசியில் மலை முழுவதும் வரையாடு கணக்கெடுப்பு நடந்தது. நெடுங்கல் சரகத்தின் படிவத்தில் பாறை வாரியாக, ஆண் பெண் குட்டி வாரியாக, நூற்றுப் பதினாறு உருப்படிகள் பதிவாயின. கூடுதல் தாளில், கடல்மட்டத்திலிருந்து இருபத்திரண்டு மீட்டர் உயரத்தில், உடைமரத்துவிளை என்ற இடத்தில், பெண் ஒன்று, தனியாக, பனை நிழலில், என்று ஒரு வரி இருந்தது. கீழே வனக்காப்பாளர் ஆசீர் கையெழுத்துப் போட்டிருந்தார். மொத்தம் நூற்றுப் பதினேழு என்று மேலே அனுப்பப்பட்டது.